மூன்று குழி காலியான மாத்திரை அட்டை

“உங்க பன்னிரண்டு பேர்ல ஒரு ஆள் காய்ச்சலை மறைச்சுட்டு வந்து உட்கார்ந்திருக்கீங்க. யாருன்னு நீங்களே சொல்லிட்டா மரியாதை.”

காத்தமுத்து சொன்னதும் வகுப்பில் ஒருவரும் அசையவில்லை. அவர் கையில் காய்ச்சல் மாத்திரை அட்டை. பத்தில் மூன்று குழி காலி. கீழே குழாயடியில் கிடந்தது.

ஊரெல்லாம் தொற்றுக் காய்ச்சல் பரவிய மாதம் அது. திண்டுக்கல்லில் ஒரு கல்யாண மண்டபத்தின் மாடியில் மூன்று நாள் முதலுதவி வகுப்பு. அன்று இரண்டாம் நாள். வந்தவர்கள் எல்லோரும் கண்டக்டர் லைசென்ஸுக்கு நிற்பவர்கள். முதலுதவிச் சான்றிதழ் கையில் இல்லாவிட்டால் லைசென்ஸும் இல்லை, வேலையும் இல்லை.

ஆசிரியை ஜெசிந்தாவுக்கு முப்பத்து நான்கு வயது. ஆம்புலன்ஸில் எட்டு வருடம் ஓடியவர். காத்தமுத்துவுக்கு ஐம்பத்திரண்டு. லாரியை விட்டுவிட்டு, அவரிடம் வகுப்பு நடத்தப் பழகுகிறார். வாசலில் நின்று “காய்ச்சல் இருக்கா?” என்று கேட்டு, நெற்றிக்கு நேரே தெர்மாமீட்டரைக் காட்டுவது காத்தமுத்துவின் பொறுப்பு. ‘ஒரு நாள் வராவிட்டாலும் சான்றிதழ் கிடையாது’ என்று முதல் நாள் போர்டில் எழுதியதும் அவர்தான்.

பின் வரிசையில் ஒருவர் இருமினார். பதினோரு தலைகள் திரும்பின.

“பஜ்ஜி மிளகாய் சார். சத்தியமா.”

“காலையில பாதிப் பேர் முகத்தைக் கழுவிட்டுத்தான் என் முன்னாடி வந்தீங்க. நெத்தி குளுகுளுன்னு இருந்துச்சு. அப்பவே எனக்குச் சந்தேகம்.”

“வெயில் சார்.”

“எட்டு மணிக்கா?”

ஜன்னலோரம் பயிற்சிப் பொம்மையை ஸ்பிரிட் போட்டுத் துடைத்துக்கொண்டிருந்த ஜெசிந்தா நிமிர்ந்தார்.

“எல்லாரும் மொட்டை மாடிக்குப் போங்க. முகக்கவசத்தை இறக்காதீங்க. ஆளுக்கு ஆள் ரெண்டு கை நீட்டுற தூரம் தள்ளி நில்லுங்க.”

எல்லோரும் ஏறிப் போனார்கள். அடுத்தவர் பிடித்த கைப்பிடியை ஒருவரும் தொடவில்லை.

“டீச்சர், பையெல்லாம் சோதிச்சிடலாம்,” என்றார் காத்தமுத்து.

“மாத்திரை வயித்துல இருக்கு. பையில என்னண்ணே இருக்கும்?”

“அப்ப நாலு மணி நேரம் உட்கார வைப்போம். மாத்திரை வேகம் குறைஞ்சா காய்ச்சல் தன்னால மேல வந்துடும். ஆள் சிக்கிடும்.”

“அதுவரைக்கும் மத்தவங்க பக்கத்துல இருந்து காய்ச்சலை வாங்கிக்கட்டுமா?”

காத்தமுத்து கையிலிருந்த அட்டையைத் திருப்பிப் பார்த்தார்.

“ரோட்டுல ஒருத்தர் அடிபட்டுக் கிடக்கார். முதல்ல என்ன பார்ப்பீங்க?”

“இன்னும் வண்டி வருதான்னு. நிக்கிற இடத்துல ஆபத்து இல்லியான்னு.”

“யார் மேல தப்புன்னு?”

“அது போலீஸ் வேலை, டீச்சர்.”

“அப்ப அந்த அட்டையைக் குப்பையில போட்டுட்டுக் கையைக் கழுவுங்க.”

மொட்டை மாடியில் வெயில் ஏறியிருந்தது. ஜெசிந்தா சொன்னார்: “உடம்பு முடியாதவங்க வீட்டுக்குப் போகலாம். குணமானதும் விட்ட நாளை மட்டும் வந்து முடிங்க. ஒரே ஆள் வந்தாலும் நடத்துவேன். சான்றிதழ் உண்டு.”

யாரும் நகரவில்லை. இது ஆளைப் பிடிக்கிற வழி என்ற சந்தேகம் எல்லார் கண்ணிலும் தெரிந்தது.

“எழுதித் தருவீங்களா டீச்சர்?” என்றாள் பூங்கோதை. நத்தத்திலிருந்து வருகிறவள். “இருபதாம் தேதி எனக்கு இன்டர்வியூ. உங்க மேல நம்பிக்கை இருக்கு. பேப்பர் மேல இன்னும் கொஞ்சம் அதிகமா இருக்கு.”

ஜெசிந்தா சிரித்தார். பன்னிரண்டு தாள் எழுதினார், பன்னிரண்டிலும் கையெழுத்துப் போட்டார். கைப்பிடிச் சுவரில் தள்ளித்தள்ளி வைத்து, ஒவ்வொன்றின் மேலும் ஒரு கல்லை வைத்தார்.

பூங்கோதை ஒன்றை எடுத்தாள். கொஞ்சம் பொறுத்து இன்னொருவர். பிறகு பஜ்ஜி மிளகாய் என்று இருமியவர்.

“மூணு பேரா?” என்றார் காத்தமுத்து.

“அட்டை என்னுது சார்,” என்றாள் பூங்கோதை. “பஸ்ல வரும்போது இவங்க ரெண்டு பேரும் உடம்பு கொதிக்குதுன்னாங்க. எனக்கும் நேத்துச் சாயங்காலத்துல இருந்து அப்படித்தான். ஆளுக்கு ஒண்ணு போட்டுக்கிட்டோம்.”

“வீட்டுல படுத்திருக்க வேண்டியதுதானே?”

“போர்டைப் படிச்சப்புறம் எங்க சார் படுக்கிறது?”

ஜெசிந்தா மூன்று பேரையும் முதலில் தனியாக இறக்கி, நேரே ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார். மற்ற ஒன்பது பேரிடமும், ஐந்து நாள் வீட்டில் இருந்து உடம்பைப் பார்த்துக்கொண்டு, ஒன்றுமில்லை என்றால் மட்டும் வரும்படி சொல்லி அனுப்பினார். முணுமுணுத்தார்கள். ஆனாலும் போகிறபோது ஆளுக்கொரு தாளை எடுத்துக்கொண்டார்கள்.

கூடம் காலியானது. காத்தமுத்துவுக்கு இன்னும் ஆறவில்லை. பெஞ்சுகளைத் துடைத்த வேகத்தில் ஒரு பெஞ்சு நகர்ந்து சுவரில் இடித்தது.

“மூணு பேர் என் முகத்துக்கு நேரா பொய் சொல்லியிருக்காங்க டீச்சர். அதை அப்படியே விட்டுடுறதா?”

“விடக் கூடாதுண்ணே.”

“அப்ப யாரைக் கேக்கிறது?”

ஜெசிந்தா பொம்மையைப் பெட்டியில் வைத்து மூடினார்.

“உண்மையைச் சொன்னா வெளியே, பொய் சொன்னா உள்ளேன்னு ஆகுற மாதிரி அந்தப் போர்டுல ஒருத்தர் எழுதி வச்சிருக்கார். ரெண்டு நாளா அதைப் பார்த்துக்கிட்டே ஒருத்தி சும்மா இருந்திருக்கா. அவ தன் பங்குக்கு இன்னைக்குப் பன்னிரண்டு கையெழுத்துப் போட்டுட்டா. எழுதினவர் யாருன்னு நான் கேக்கல. கீழே இறங்குறதுக்கு முன்னாடி அவர் பங்கைச் சரி பண்ணிடச் சொல்லுங்க.”