காற்றுப்பையை அறுத்த கயற்கண்ணி

ரொம்ப ரொம்பக் காலத்துக்கு முன்னாலே, கப்பல்களுக்குப் பாயும் ராஜாக்களுக்கு மீசையும் பெரிசு பெரிசாக இருந்த காலத்தில், சங்கந்துறை என்றொரு பட்டணம் இருந்தது. அந்த ஊர் ராஜாவுக்கு எதிலும் அவசரம். அவருக்கென்றே வந்து வாய்த்தான் குறளிமுத்தன் என்கிற மந்திரவாதி! ஒரு தோல்பையில் சூறைக்காற்றை அடைத்து, ராஜாவின் கப்பலில் கட்டிவிட்டான். பின்னால் வருகிற அத்தனை கப்பல்களுக்கும் அதே காற்றுதான். எல்லாம் பறந்தன.

ராஜாவின் கப்பலுக்குச் சுக்கான் பிடித்தவள் கயற்கண்ணி. கெட்டிக்காரி, வாய்தான் கொஞ்சம் நீளம். "இந்த வேகம் கடலுக்கு ஆகாது" என்று சொன்ன பாவத்துக்கு, அவள் அண்ணன் வேலனைத் திமிங்கிலமாக்கிக் கடலில் தள்ளிவிட்டான் மந்திரவாதி.

"பை அறுந்தால் உன் அண்ணன் கடைசிவரைக்கும் திமிங்கிலம்தான். ஒழுங்காக ஓட்டு, ஒருநாள் மனுஷனாக்குகிறேன்" என்றான். அண்ணனுக்காக அவள் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினாள்.

ஒருநாள் திமிங்கிலங்கள் குட்டி போடுகிற கடலுக்குள் கப்பல்கள் புகுந்தன. எதிரே ஒரு திமிங்கிலம் எழுந்தது.

"முரசு கொட்டுங்கள், விலகும்! ஓட்டு!" என்றார் ராஜா.

எங்கே விலக? அந்தச் சத்தத்தில் மிரண்டு, அது நேரே குறுக்கே வந்தது. கப்பல் மோதியது. கடல் சிவந்தது. ஐயோ, அண்ணனோ என்று கயற்கண்ணிக்கு உயிரே போய்விட்டது.

இன்னொன்று எழுந்தது. "முரசு கொட்டுங்கள், விலகும்! ஓட்டு!" சுக்கானை ஒடித்துத் திருப்பினாள். அதன் முதுகு கிழிந்தது.

மூன்றாவதாக எழுந்தது ஒரு தாய், பக்கத்தில் குட்டி. மூச்சு வாங்க வந்தவை. முரசுச் சத்தத்தில் தாயின் குரல் குட்டிக்குக் கேட்கவில்லை, அது கப்பலை நோக்கியே நீந்தியது.

"முரசு கொட்டுங்கள், விலகும்! ஓட்டு!"

"அண்ணனை நினைத்துக்கொள்" என்றான் மந்திரவாதி.

நினைத்தாள். அழுகை பொங்கிவந்தது. "அண்ணா, என்னை மன்னிச்சிரு" என்று கத்திக்கொண்டே, இடுப்புக் கத்தியை உருவிப் பையை அறுத்தாள்!

சீறி வந்த காற்று மந்திரவாதியைத்தான் முதலில் தூக்கியது. அவன் மந்திரமெல்லாம் அந்தப் பைக்குள்தான் இருந்ததாம். அவளைப் பயமுறுத்தச் சொன்னதெல்லாம் புளுகு! சுற்றிச் சுற்றி, புள்ளியாகி, காணாமலே போனான். கப்பல்கள் அப்படியே நின்றன. குட்டி தாயோடு ஒட்டிக்கொண்டது.

"அடியே, வேடிக்கையா பார்க்கிறே? கயிற்றைப் போடு!" என்று தண்ணீரிலிருந்து ஒரு குரல். வேலன்தான், மறுபடி மனுஷனாகி! அவனை மேலே இழுத்துக் கட்டிக்கொண்டு அழுதாள் கயற்கண்ணி.

"யாரைக் கேட்டு நிறுத்தினாய்?" என்று ராஜா குதித்தார்.

"ராஜா, கொஞ்சம் வாயை மூடிக்கொண்டு கேளுங்கள்."

முரசு ஓய்ந்திருந்தது. தாய் கூப்பிட்டது, குட்டி பதில் சொன்னது. ராஜா தன் வாழ்நாளில் முதல்தடவையாகக் கடலைக் கேட்டார். அன்றே கயற்கண்ணியைத் துறைமுகத் தலைவியாக்கினார். அந்தக் கடலில் இனிப் பாதிப் பாயை இறக்கி, முரசைக் கட்டிவைத்துத்தான் போக வேண்டும் என்றும் கட்டளையிட்டார்.

"சரி, இன்னும் எவ்வளவு நேரம் நிற்பது?" என்றார் மெதுவாக.

"அவங்க மூச்சு வாங்கி முடிக்கிற வரைக்கும் ராஜா" என்றாள் கயற்கண்ணி. ராஜா உட்கார்ந்துகொண்டார்.