வடுகநாதர் தேர்ந்தெடுத்த படங்கள்

வேங்கைமலை நாட்டு அரசர் மாறவேளுக்குப் புது அரண்மனை கட்டி முடிந்ததும் புதுக் கவலை ஒன்று பிடித்துக்கொண்டது. சுவரெல்லாம் வெள்ளை வெளேரென்று நின்றன. பழைய அரண்மனையில் மாட்டியிருந்த யானை, சிங்கம், தாத்தா, கொள்ளுத்தாத்தாவையே இங்கும் மாட்ட அவருக்கு இஷ்டமில்லை. பக்கத்து நாடுகளில் இப்போது உருவமில்லாத படங்கள்தானாம். கண் கிடையாது, மூக்கு கிடையாது. வண்ணம் மட்டும்தான்.

"நமக்கும் அப்படி வேண்டும். புதிய ஓவியர்களைக் கண்டுபிடியுங்கள்!" என்று முரசறையச் சொல்லிவிட்டார்.

கண்டுபிடிக்கிற பொறுப்பு அரண்மனையின் கலை ஆலோசகர் வடுகநாதருக்குப் போயிற்று. பட்டு அங்கவஸ்திரம், பாதி மூடிய கண், பேச்சில் பாதி பெருமூச்சு. அவர் ஒரு படத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் கேட்பவருக்கு எதுவும் புரியாது. அதனால் எல்லோரும் அவரை மேதை என்றார்கள்.

படங்களை எடுத்துக் கொடுக்கவும், பிறகு மாட்டவும் சேந்தனை அமர்த்தினார் அரசர். சேந்தன் அவையில் விகடம் பேசுகிறவன். அவன் வாய் சும்மா இருக்காது. அன்று என்னவோ சும்மா இருந்து வேடிக்கை பார்த்தான்.

வேடிக்கை பார்க்கத் தகுந்த காரியம்தான் நடந்தது. வடுகநாதர் படத்தை வாங்குவார். வாங்கிய கையோடு திருப்புவார். பின்பக்கத்தில் எழுதியிருக்கும் பெயரையும் ஊரையும் படிப்பார். தலைநகரத்தில் பேசப்படும் பெயரென்றால் கண் தானாக மூடிக்கொள்ளும். "ஆகா! என்ன ஆழம்! என்ன மௌனம்!" கடல் கடந்த ஊரென்றால் கண்ணோரம் ஒரு சொட்டுத் தண்ணீரும் எட்டிப் பார்க்கும். கேள்விப்படாத பெயரென்றால் ஒரே சொல்: "குப்பை."

கடைசியாக வந்தவள் பூவாயி. சாயப்பட்டறையில் வேலை செய்கிறவள். முழங்கை வரை நீலம் ஏறியிருந்தது. மூன்று நாள் நடந்து வந்திருந்தாள். வடுகநாதர் அவள் படத்தையும் திருப்பினார்.

"பூவாயி, கருவேலம்பட்டி. குப்பை."

"ஐயா, ஒருதரம் படத்தப் பாத்துட்டுச் சொல்லுங்க."

"பார்த்தாயிற்றே! போ, போ."

சேந்தன் வாசல்வரை அவள் பின்னால் போனான். "தாயி, ஏன் கண்கலங்குறே? இன்னொரு படம் போட்டுக் கொண்டுவாயேன்."

"எங்கேங்க போடுறது? இந்தத் துணியே கொழுந்தனாரு குடுத்தது. அரமனையில எடுக்கலேன்னா இத வைக்கோல்போருக்குப் போத்திடுவேன், இனிமே படம்னு வாயத் தொறக்கமாட்டேன்னு சொல்லிட்டு வந்துட்டேன். சொன்ன சொல்லு சொன்னதுதானுங்களே?"

சேந்தன் படத்தைப் பிரித்துப் பார்த்தான். படம் முழுக்க மஞ்சள். அதன் குறுக்கே ஒரு சிவப்பு, யாரையும் கேட்காமல் ஓடியது. பார்க்கப் பார்க்க அவன் மனசுக்குள் என்னவோ குதூகலமாக இருந்தது. இதையா வைக்கோலுக்குப் போர்த்துவது? அவனுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"ரெண்டு நாளைக்கு ஊருக்குக் கிளம்பாதே. படம் என்கிட்ட இருக்கட்டும்" என்றான்.

மாலையில் அரசர் கூப்பிட்டனுப்பினார். "சேந்தா, நாளை நண்பகலில் மகாராணி புது அரண்மனைக்கு வருகிறாள். வடுகநாதர் இந்தப் படங்களை எப்படிப் பார்த்தாரோ அப்படியே நாங்களும் பார்க்க வேண்டும். அதற்குத் தகுந்தபடி மாட்டு. தப்பு நடந்தால் உன் உத்தியோகம் உன்னுடையதல்ல."

"நன்றாகச் சொல்லுங்கள் மகாராஜா. விகடக்காரனுக்குக் கலை எங்கே புரியப்போகிறது?" என்றார் வடுகநாதர்.

"உங்கள் பார்வை அப்படியே வரும் ஐயா, கவலையை விடுங்கள்" என்று கும்பிட்டான் சேந்தன்.

மறுநாள் கதவு திறந்தது. கூடம் முழுக்க நாற்பது படங்கள். நாற்பதும் சுவரைப் பார்த்துத் திரும்பியிருந்தன. பழுப்புத் துணியும் மரச்சட்டமும் பெயரும் ஊரும்தான் கண்ணில் பட்டன. நாற்பத்தொன்றாவதாக மாட்டியிருந்த ஒரே ஒரு படம் மட்டும் நேராக மஞ்சளும் சிவப்புமாக ஜொலித்தது.

"என்னடா கூத்து இது?" என்று அரசர் கத்தினார்.

"தங்கள் ஆணை மகாராஜா. வடுகநாதர் இந்த நாற்பதையும் இப்படித்தான் பார்த்தார். முன்பக்கத்தை இன்றுவரை அவர் பார்த்ததில்லை. சந்தேகமென்றால் கேளுங்கள், இதில் எந்தப் படத்தில் பச்சை இருக்கிறது?"

அரசர் வடுகநாதரைப் பார்த்தார். வடுகநாதர் பெருமூச்சு விட்டார். "பச்சை என்பது... ஒருவகை மனநிலை..." என்றார். அவர் கை பக்கத்துச் சட்டத்தைத் திருப்பப் பரபரத்தது.

"அப்படியானால் அந்த ஒன்று மட்டும் ஏன் நேராக இருக்கிறது?" என்று சேந்தனைக் கேட்டார் அரசர்.

"அது அவர் குப்பை என்று ஒதுக்கியது. ஒதுக்கியதை யாராவது ஒருத்தர் பார்க்க வேண்டுமே என்று நேராக மாட்டினேன்."

எல்லாப் படங்களையும் திருப்பச் சொன்னார் அரசர். அவற்றில் நல்லதும் சில இருந்தன. பாவம், அவற்றையும் யாரும் பார்த்திருக்கவில்லை. மகாராணி ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு மஞ்சள் படத்தின்முன் வந்து நின்றாள். "நான் சாப்பிடுகிற அறையில் இது இருக்கட்டும். இதைப் பார்த்தாலே பசிக்கிறது" என்றாள்.

"எனக்கும்தான் பிடித்திருக்கிறது. யார் போட்டது?" என்று அரசர் கையை நீட்டிச் சட்டத்தைத் திருப்பப் போனார்.

சேந்தன் குறுக்கே புகுந்தான். "கொஞ்சம் பொறுங்கள் மகாராஜா! பிடித்தது பிடித்ததுதான் என்று முதலில் சொல்லிவிடுங்கள். திருப்பிப் படித்தபிறகு பிடிக்காமல் போய்விட்டால்?"

அரசரின் கை அப்படியே நின்றது. முகம் சிவந்தது. வடுகநாதரைப் போலவே தானும் செய்யப் பார்த்ததை நினைத்து வெட்கப்பட்டார். "பிடித்தது பிடித்ததுதான்" என்றார்.

பூவாயியை அழைத்து வந்தார்கள். "இது என்னம்மா படம்?" என்று கேட்டார் அரசர்.

"மஞ்சளுங்க, ராசா."

"அதற்குமேல்?"

"செவப்புங்க."

இவ்வளவு தெளிவான விளக்கத்தை அந்த அரண்மனை அதுவரை கேட்டதில்லை. கூடத்துக்கு வேண்டிய பெரிய படங்களையெல்லாம் அவளே போட வேண்டும், துணியும் சாயமும் அரண்மனை தரும் என்று அங்கேயே உத்தரவாயிற்று. பூவாயி கண்ணைத் துடைத்துக்கொண்டு, எந்தச் சுவர் என்று கேட்டாள்.

பிறகு அரசரின் பார்வை வடுகநாதர்மேல் திரும்பியது. "இவரை நாட்டை விட்டே துரத்துங்கள்!"

"ஐயையோ, வேண்டாம் மகாராஜா!" என்று பதறினான் சேந்தன். "இத்தனை படம் மாட்டினால் பின்னால் ஒட்டடை சேரும், பல்லி முட்டையிடும். படத்தின் பின்பக்கத்தில் இவ்வளவு அனுபவமுள்ள ஆள் வேறு எங்கே கிடைப்பார்?"

அரசர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்து முடித்து, விளக்குமாறு ஒன்று கொண்டுவரச் சொன்னார்.