தோல்வாருக்கு வந்த தடை

மேலைக்காடு என்கிற சின்ன நாட்டைச் செம்பியராயர் என்றொரு ராஜா ஆண்டுவந்தார். நல்ல மனிதர்தான். ஒரே ஒரு குறை, கடைசியாக யார் பேசினார்களோ அவர்கள் பேச்சை நம்பிவிடுவார்.

அவருக்குத் தினமும் முகச்சவரம் செய்பவன் மருதப்பன். சவரத்துக்கு முன் தூணில் மாட்டிய தோல்வாரில் கத்தியை அறுபது தடவை இழுப்பான். கத்தியின் முதுகு முன்னே போகும், கூர் பின்னே வரும். திரும்பும்போது கத்தியைப் புரட்டிப் போடுவான். அவசரமே கிடையாது. இழுத்துக்கொண்டே ராஜாவிடம் ஊர்ச் சங்கதி பேசுவான். எந்தத் தெருவில் கூரை ஒழுகுகிறது, எந்த அதிகாரி சந்தையில் சும்மாவே கத்தரிக்காய் அள்ளிப்போகிறார், எல்லாம் ராஜா காதுக்கு வந்துவிடும்.

கத்தரிக்காய் அள்ளியவர் தளபதி உக்கிரசேனர். ராஜா அவரைச் சபையில் வைத்தே கண்டித்தார். போட்டுக்கொடுத்தது மருதப்பன்தான் என்று தளபதிக்குத் தெரிந்துபோயிற்று. சமயம் பார்த்து ஆரம்பித்தார்.

"மகாராஜா, என் வாளுக்குச் சாணை பிடித்துப் பத்து வருஷம் ஆகிறது. இன்னும் பளபளக்கிறது. ஒரு சவரக்கத்திக்குத் தினமும் தீட்டலா? உங்களிடம் வாயளக்கத்தான் அந்த அறுபது இழுப்பும்!"

அந்த வாள் ஆயுத பூஜைக்குச் சந்தனம் வைக்க மட்டும்தான் உறையை விட்டு வெளியே வரும். அதை ராஜாவிடம் யார் போய்ச் சொல்வது? உத்தரவு பிறந்துவிட்டது. "இனி அந்தக் கத்தியில் தோலும் படக்கூடாது, கல்லும் படக்கூடாது!"

முதல் நாள் மருதப்பன் எப்படியோ சமாளித்தான். மூன்றாம் நாள் கத்தி முரண்டு பிடித்தது. ஐந்தாம் நாள் ராஜாவின் தாடையில் ரத்தம் துளிர்த்தது.

"வேண்டுமென்றே செய்கிறான்" என்று போட்டுக்கொடுத்தார் தளபதி.

"நாளைக்கு ஒரு சொட்டு ரத்தம் வந்தாலும் குடும்பத்தோடு நாட்டை விட்டுப் போய்விடு!" என்றார் ராஜா.

மருதப்பன் அழுதுகொண்டே அம்பலவாணரிடம் ஓடினான். அவர் அரண்மனைப் புலவர். பாட்டு கொஞ்சம், குறும்பு அதிகம்.

"ஐயா, தோலுல இழுக்காத கத்தி முடிய வெட்டாதுங்க, புடுங்கும். நாளைக்கு ரத்தம் வரப்போறது நிச்சயம். நாலு புள்ளைங்களக் கூட்டிக்கிட்டு நான் எங்கய்யா போவேன்?"

"நீ வழக்கம்போல வந்து சேரு மருதப்பா. நாளைக்கு உன் கத்தி முதல்ல ராஜா மேல படாது."

மறுநாள் காலை ராஜா பலகையில் உட்காரப் போனார். அம்பலவாணர் குறுக்கே வந்து நின்றார்.

"நிறுத்துங்கள் மகாராஜா! உங்கள் சோற்றை ஒருவன் ருசி பார்க்கிறான். பாலை ஒருவன் குடித்துப் பார்க்கிறான். கழுத்துக்குப் பக்கத்தில் வருகிற கத்தியை மட்டும் யாருமே சோதிப்பதில்லையே!"

ராஜாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அட, ஆமாம்! யாரை வைத்துச் சோதிப்பது?"

"கத்திமேல் நம்பிக்கை உள்ளவராக இருக்கவேண்டும். தோலே வேண்டாமென்று அடித்துச் சொன்னவர் இதோ நிற்கிறாரே!"

தளபதியால் மறுக்க முடியவில்லை. மீசையை முறுக்கிக்கொண்டு உட்கார்ந்தார். மருதப்பன் தண்ணீர் தடவி, இடது கன்னத்தில் ஒரு இழுப்பு இழுத்தான். தளபதிக்குக் கண் பிதுங்கியது.

"மகாராஜா, தளபதி ஆனந்தக் கண்ணீர் விடுகிறார்" என்றார் அம்பலவாணர்.

இன்னும் நாலு இழுப்பு. இடது கன்னம் முடிந்தது, காது வரை சிவந்தது.

"போதும், போதும்! கத்தி நன்றாகத்தான் இருக்கிறது!" என்று தளபதி எழப் பார்த்தார்.

அம்பலவாணர் அவர் தோளை அமுக்கினார். "பாதிச் சவரத்தோடு எங்கே கிளம்பிவிட்டீர்கள்? நம் நாட்டில் ஒரு பக்கம் மட்டும் மழித்துத் தெருவில் விடுவது திருடனைத்தானே? மறு கன்னத்தைக் காட்டுங்கள்."

தளபதி வசமாக மாட்டிக்கொண்டார். எழுந்து போனால் ஊர் சிரிக்கும், உட்கார்ந்திருந்தால் தோல் உரியும். கத்தி வலது கன்னத்துக்கு வந்தது. அவ்வளவுதான், மருதப்பனின் மணிக்கட்டைத் தளபதி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"டேய் மருதப்பா, உனக்குப் புண்ணியமாப் போகும், அந்தத் தோல்ல ஒரு இழுப்பு இழுத்துட்டு வாடா!"

"ராஜா உத்தரவு இருக்குதுங்களே எசமான்."

தளபதி உட்கார்ந்தபடியே ராஜாவைப் பார்த்துக் கும்பிட்டார். "மகாராஜா, அந்த உத்தரவை ரத்து செய்யுங்கள்! தெரியாமல் சொல்லிவிட்டேன். தோலும் வேண்டும், கல்லும் வேண்டும்!"

ராஜா விழுந்து விழுந்து சிரித்தார். தடை அந்த இடத்திலேயே நீங்கியது. மருதப்பன் கத்தியை ஈரக்கல்லில் தேய்த்து, தோல்வாரில் சாவகாசமாக இழுத்து, தளபதியின் வலது கன்னத்தை வலி தெரியாமல் வழித்தான். ராஜா அவனுக்குப் பட்டுச் சால்வை போர்த்தினார். தன் மோதிரத்தைக் கழற்றிப் புலவரிடம் கொடுத்தார். பிறகு தாடைக் காயத்தைத் தடவிக்கொண்டே கேட்டார்.

"அம்பலவாணரே, அது மழுங்கிப் போன கத்தி என்று தளபதிக்கு இந்த ஐந்து நாளும் தெரியாமலா இருந்தது?"

"எப்படித் தெரியும் மகாராஜா? ஐந்து நாளும் அது ஓடியது உங்கள் கன்னத்தில் அல்லவா!"