நானூற்றுப் பன்னிரண்டு ஊமைகள்

முன்னொரு காலத்தில் வேங்கைநாட்டைச் சேந்தவர்மன் என்ற அரசன் ஆண்டுவந்தான். எத்தனை கட்டு ஓலை வந்தாலும் கடைசி வரியை மட்டும் படிப்பான். ஆனாலும் அது நல்ல காலம். தப்புச் செய்த அரசன் சபையிலேயே அசடு வழிவான். அந்தக் கலை பிறகு வழக்கொழிந்துவிட்டது.

ஐப்பசி மழையில் பெரிய ஏரி தளும்பியது. மறுநாள் காலை மதகைத் திறந்தாக வேண்டும். முரசறைந்து தாழ்வான தெருக்காரர்களை மேட்டுக்கு அனுப்பச் சொன்னான் அரசன்.

"தறிக்காரத் தெருவுக்கு முரசு வீண், மகாராஜா," என்றார் குடிக்கணக்கு அதிகாரி வில்லவராயர். "போன மாதம் வீடு வீடாக எண்ணினோம். நானூற்றுப் பன்னிரண்டு பேர். அத்தனை பேரும் செவிட்டு ஊமைகள்!"

"அத்தனை பேருமா?"

"மூன்று முறை கேட்டும் பதில் சொல்லாதவனை ஊமை என்று எழுதுவது நம் முறை."

"வெள்ளம் வந்தால்?"

"தண்ணீரைப் பார்த்துத் தெரிந்துகொள்வார்கள்."

அரசன் தலையாட்டினான். அமைச்சர் பொறையனார் முன்னால் வந்தார். அந்தத் தெருவில்தான் அவர் வேட்டி வாங்குவார்; பேரம் பேசி ஒருநாளும் ஜெயித்ததில்லை.

"அந்த ஊமைகளில் ஐந்து பேரைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள், மன்னா," என்றார்.

நெசவாளர் ஐவர் வந்து நின்றார்கள். பொறையனார் புன்னகையோடு, கையைக்கூட அசைக்காமல், அவர்களுடைய கன்னடத்தில் ஏதோ சொன்னார். அவ்வளவுதான்! "ஹாவு! ஹாவு!" என்று அலறி ஐவரும் தூணில் ஏறினார்கள். அரசனும் வில்லவராயரும் வேடிக்கை பார்த்துச் சிரித்தபடி உட்கார்ந்திருந்தார்கள்.

"அதையே தமிழில் சொல்கிறேன், மன்னா. தங்கள் ஆசனத்துக்கு அடியில் பாம்பு இருக்கிறது."

அரசன் துள்ளிய துள்ளலில் கிரீடம் உருண்டது. வில்லவராயர் பக்கத்திலிருந்த சபை முரசின் மேலேயே ஏறிவிட்டார்.

"நான் விடச் சொன்ன பல் பிடுங்கிய பாம்புதான், இறங்குங்கள் ராயரே! எச்சரித்தும் அசையாதவன் செவிடென்றால், சற்று முன் இந்தச் சபையில் எத்தனை செவிடர்கள்? உங்கள் ஆட்கள் எந்த மொழியில் கேட்டார்கள்?"

ராயர் வாய் திறக்கவில்லை. "மூன்று முறை கேட்கட்டுமா?" என்றார் அமைச்சர்.

அரசன் அசடு வழிந்தான்; பிறகு விழுந்து விழுந்து சிரித்தான். கழுத்து முத்துமாலையை அமைச்சருக்குப் போட்டான். "இனி தலையை எண்ணும்போதே வீட்டில் பேசும் மொழியையும் எழுதுங்கள். ராயரே, தறிக்காரத் தெருவில் இன்று முரசறைவது நீர்தான். கன்னடத்தில்!"

அன்று மாலைக்குள் தெரு முழுவதும் மேடேறிவிட்டது, ராயரின் கன்னடத்தைத் திருத்திக்கொண்டே.