ஒரு விசிலுக்கு நிற்கும் வண்டி

ஒரு நகரப் பேருந்தில் கர்வம் பிடித்த விசில் ஒன்று இருந்தது. கண்டக்டர் மங்களேஸ்வரியின் கழுத்தில் கறுப்புக் கயிற்றில் தொங்கும். ஒருமுறை ஊதினால் வண்டி நிற்கும். இரண்டு முறை ஊதினால் கிளம்பும்.

"எவ்வளவு பெரிய வண்டி! என் ஒரு சத்தத்துக்கு நிக்குது பாரு" என்று டிக்கெட் பையிடம் பீற்றிக்கொள்ளும்.

"உனக்காகவா நிக்குது? சூசையண்ணன் பிரேக்கை மிதிக்கிறார், நிக்குது" என்று பை சொல்லும்.

"அவர் ஏன் மிதிக்கிறார்? பின்னாடி நடக்கிறது அவருக்குத் தெரியாது. அதனால என் பேச்சைக் கேட்கிறார்."

மங்களேஸ்வரியின் இதயத்தில் ஒரு வால்வு பழுதானது. தனியார் மருத்துவமனை ஒன்றில் டாக்டர் ரகுநந்தன் அவள் நெஞ்சைத் திறந்து, பழையதை எடுத்துவிட்டு உலோக வால்வு ஒன்றை வைத்துத் தைத்தார். அவள் வேலைக்குத் திரும்பிய அன்று, நெஞ்சின் மேல் கிடந்த விசிலுக்கு உள்ளேயிருந்து சத்தம் கேட்டது. டிக், டிக், டிக்.

"யாரது உள்ளே?"

"புதுசா குடி வந்திருக்கேன். வாசல்ல நிக்கிற வேலை. ரத்தத்தை முன்னால போகவிடுவேன். திரும்பி வரவிடமாட்டேன்."

"அடடா, நீயும் கண்டக்டர்தானா!" விசிலுக்கு ஒரே சந்தோஷம்.

ஆனால் ஊத மூச்சு வரவில்லை. படியேறினாலே மங்களேஸ்வரிக்கு இளைத்தது. ஓட்டுநர் சூசை கண்ணாடி வழியே கத்தினார்: "என்ன தாயி, விசிலு கோழிக்குஞ்சு மாதிரி கத்துது?"

"மூச்சு பத்தலண்ணே."

ஒருநாள் அவள் ஊதியது சூசையின் காதுவரை போகவில்லை. நிறுத்தத்தில் இறங்கப் படியில் கால் வைத்த பெண்ணோடு வண்டி நிற்காமல் போனது. பயணிகள் கத்தியதால் பிழைத்தாள். டிப்போ மேலாளர் மங்களேஸ்வரியைக் கூப்பிட்டார். "மூச்சு சரியாகிற வரைக்கும் வண்டியில ஏற வேண்டாம்மா."

விசில் நடுங்கிப்போனது. "டேய் உலோகம்! ஒழுங்கா வேலை பார்க்கிறியா இல்லையா?"

"நான் ஒழுங்காத்தான் திறக்கிறேன், ஒழுங்காத்தான் சாத்துறேன். என் ஓரத்துல ஒரு தையல் விட்டுப்போச்சு. அந்த இடுக்குல ரத்தம் கசியுது. அப்போ உஸ்ஸுன்னு ஒரு சத்தம் வரும். அதைக் கேட்க ஒரே ஒருத்தனாலதான் முடியும்."

அந்த ஒருவன் டாக்டரின் கழுத்தில் தொங்கிய ஸ்டெதஸ்கோப். மங்களேஸ்வரி போனபோதெல்லாம் டாக்டர் கணினித் திரையைப் பார்த்தார். "ரத்தப் பரிசோதனை அருமையா இருக்கு. ஆபரேஷன் வெற்றி. மூச்சு வாங்குறதெல்லாம் மனப்பிரமைம்மா" என்றார்.

மேசைக்கு இந்தப் பக்கம், அவள் இன்னும் கழற்றாத கயிற்றிலிருந்து விசில் கேட்டது: "ஒரு நிமிஷம் இவ நெஞ்சுல உட்காரேன்!"

"நானா எப்படி உட்கார? அவர் எடுத்து வைக்கணும். போட்டோ எடுக்கிறப்போ மட்டும்தான் என்னை நேரா இழுத்துவிடுவார்."

"எங்க டிரைவர் ஒரு சத்தத்துக்கு நிக்கிறாரே!"

"உங்க டிரைவரால திரும்பிப் பார்க்க முடியாது. எங்காளு எல்லாத்தையும் பார்க்கிறவர். பார்க்கிறவருக்குக் காது எதுக்கு?"

மங்களேஸ்வரி மருத்துவமனை மேல் நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போட்டாள். விசாரணை அன்று மருத்துவமனையின் வக்கீல் எழுந்தார். "ஆபரேஷனில் குறையே இல்லை. குறை இருந்தால் அது வால்வில்தான். செய்த கம்பெனியைக் கேட்கட்டும்."

"என் மேலயா?" வால்வுக்கு ரோஷம் வந்துவிட்டது. மங்களேஸ்வரிக்கும் கோபம். டிக்டிக்டிக் என்று அடித்தது.

ஆணையத் தலைவர் திலகவதி எரிச்சலோடு நிமிர்ந்தார். "அந்தக் கடிகாரத்தை யாராவது நிறுத்துங்கப்பா."

"சத்தியமா நான் இல்லை" என்றது சுவர்க் கடிகாரம். "நான் ஓடியே வருஷக்கணக்காகுது."

மங்களேஸ்வரி மெல்ல எழுந்தாள். "அம்மா, அது நான்தான்."

அறையே சிரித்தது. திலகவதியும் சிரித்துவிட்டு மின்விசிறிகளை நிறுத்தச் சொன்னார். எல்லோரும் மூச்சை அடக்கிக் கேட்டார்கள். வால்வு இதுவரை இத்தனை பேருக்கு முன் பேசியதில்லை. அழகாக, தெளிவாகப் பேசியது.

"டாக்டர், கெட்டுப்போன வால்வு இப்படியா சத்தம் போடும்?"

டாக்டர் தயங்கினார். "இல்லை. கெட்டால் சத்தம் மங்கும். இது சுத்தமா இருக்கு."

வக்கீல் அவர் கோட்டை இழுத்தார்.

"அப்போ இவங்களுக்கு மூச்சு ஏன் வாங்குது?"

"அறிக்கைகளைப் பார்த்தால்..."

"பார்த்தது போதும். கழுத்துல இருக்கிறது எதுக்கு?"

பழக்கத்தில் டாக்டர் ஸ்டெதஸ்கோப்பை இங்கேயும் மாட்டிக்கொண்டு வந்திருந்தார். திலகவதி மங்களேஸ்வரியைப் பார்த்தார். அவள் தலையசைத்தாள். ஆபரேஷனுக்குப் பிறகு முதன்முறையாக அது அந்த நெஞ்சில் இறங்கியது.

"வந்துட்டியா!" என்றது வால்வு. "இப்போ என்னை விடு. எனக்குப் பக்கத்துல கேளு."

உஸ்ஸ்... உஸ்ஸ்...

ஸ்டெதஸ்கோப் கேட்டதைக் கேட்டபடி மேலே அனுப்பியது. டாக்டர் கண்ணை மூடி மறுபடி மறுபடி கேட்டார்.

"சார், அப்புறம் பேசிக்கலாம்" என்றார் வக்கீல்.

"தையல் விட்டிருக்கு" என்றார் டாக்டர். "தையல் யார் கையிலயும் விடும். ஆனா இவங்க வந்தப்போ ஒருதடவை காது கொடுத்திருந்தா அன்னைக்கே தெரிஞ்சிருக்கும். நான் செஞ்ச வேலை நல்லா இருக்குன்னு திரை சொல்லிட்டே இருந்தது. எனக்கும் அது பிடிச்சிருந்தது. தப்பு என்னோடது."

நின்றுபோன கடிகாரத்தின் முள் அப்போது லேசாக அசைந்தது என்று மேசை பிற்பாடு சொன்னது.

மறு ஆபரேஷன் செலவையும் நஷ்டஈட்டையும் மருத்துவமனை தர உத்தரவாயிற்று. வெளியே வந்ததும் டாக்டர், "நானே சரிபண்ணித் தர்றேன்மா" என்றார்.

"உண்மையைச் சொன்னீங்க, நன்றி சார்" என்றாள் மங்களேஸ்வரி. "தையலை மட்டும் வேற கையால போட்டுக்கிறேன்."

போட்டுக்கொண்டாள். உஸ் நின்றது. அவள் மறுபடி வண்டியேறிய அன்று விசில் ஊதிய ஊதலில் நிறுத்தத்துக் காக்கைகள் எல்லாம் பறந்தன. சூசை ஸ்டியரிங்கைத் தட்டிச் சிரித்தார். "கோழிக்குஞ்சு சேவலாயிடுச்சு தாயி!"

மழைக்காலத்தில் ஒருநாள் டாக்டரின் கார் ஒர்க்ஷாப்பில் கிடந்தது. நகர்ந்துவிட்ட பேருந்தின் பின்னால் அவர் ஓடிவந்தார். கழுத்தில் ஸ்டெதஸ்கோப் தாறுமாறாக ஆடியது.

ஒரு விசில். சூசை திரும்பிப் பார்க்கவில்லை. வண்டி நின்றது.

டாக்டர் தொற்றியேறிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு இரைத்தார்.

"மூச்சு வாங்குதா சார்?" என்றாள் மங்களேஸ்வரி. "ஒண்ணுமில்லை, மனப்பிரமை."

டாக்டருக்கு இரைப்போடு சிரிப்பும் வந்துவிட்டது. அவரை ஓர் இருக்கையில் உட்காரவைத்து, பக்கத்திலேயே நின்றாள்.

"ரைட் கொடு தாயி, நேரமாகுது!" என்று முன்னாலிருந்து சூசை கத்தினார்.

"இருங்கண்ணே" என்றாள். டாக்டரின் மூச்சு சீரானதைக் காதால் கேட்ட பிறகுதான் இரண்டு முறை ஊதினாள்.