பன்னிரண்டு கோடுகள்

ஒரு காட்டில் முள்ளம்பன்றி ஒன்று தனியாக இருந்தது, குழந்தைகளே. அதன் முள்ளுக்குப் பயந்து யாரும் பக்கத்தில் வந்து உட்காரமாட்டார்கள். பேச்சுத் துணைக்கு ஆள் இல்லாமல், அது மரப்பட்டைகளைக் கடித்துப் பார்த்தே பொழுதைப் போக்கியது.

அப்படிக் கடித்ததில் ஒருநாள், மஞ்சள் பூக்கும் கொடி ஒன்றின் பட்டை பல்வலியைத் தணிக்கிறது என்று கண்டுகொண்டது.

அந்தக் காட்டில் ஒரு வழக்கம் உண்டு. புது மருந்து எதுவானாலும் முதலில் பன்னிரண்டு பேருக்குக் கொடுக்க வேண்டும். பத்து நாள் கழித்து ஒவ்வொருவரின் வாயையும் திறந்து பார்த்து, ஆற்றங்கரைப் பாறையில் ஆளுக்கொரு கோடு கீற வேண்டும். ஆறிய பல்லுக்கு நேர்கோடு, ஆறாத பல்லுக்குச் சாய்ந்த கோடு. ஆமை விசாரித்துச் சம்மதித்த பிறகுதான் கீறலாம். அந்தப் பாறையை நம்பித்தான் காடே மருந்து தின்றது.

முள்ளம்பன்றியும் பன்னிரண்டு பேருக்குப் பட்டையைக் கொடுத்தது. பத்தாம் நாள் ஒன்பது பேர் வந்தார்கள். ஒன்பது பேருக்கும் ஆறியிருந்தது. கரடியும் கீரியும் மரநாயும் மட்டும் வரவில்லை.

"மூணு பேரைக் காணோம். தேடிப் போய்ப் பாக்கணும்" என்றது முள்ளம்பன்றி.

நரி சிரித்தது. மருந்து கண்டுபிடித்தவர்களோடு பாறையில் தன் பெயரும் வரவேண்டும் என்று நரிக்கு ரொம்ப நாள் ஆசை. அதற்காக ஒரு துரும்பைக்கூட அது எடுத்துப் போட்டதில்லை.

"கரடி குகை மலைக்கு அந்தப் பக்கம். யாரு போறது? வரலைன்னா வலி இல்லைன்னுதானே அர்த்தம். பன்னிரண்டையும் நேர்கோடா கீறு. காடே உன் வாசல்ல வந்து நிக்கும். என் பேரையும் பக்கத்துல போட்டுக்கோ."

வாசலில் காடே வந்து நிற்கும். அந்த ஒரு வார்த்தையில் முள்ளம்பன்றி விழுந்துவிட்டது.

ஆமை வந்து கேட்டது. "பன்னிரண்டு வாயையும் நீயே பாத்தியா?"

"பாத்தேன்."

ஆமை நம்பிவிட்டது. பொய் சொல்லாத பிராணி என்று முள்ளம்பன்றி பெயர் வாங்கியிருந்தது அல்லவா? பாறையில் பன்னிரண்டு நேர்கோடுகளும் பக்கத்தில் நரியின் பெயரும் ஏறின.

நரி சொன்னதுபோலவே கூட்டம் வந்தது. முள்ளை யாரும் பொருட்படுத்தவில்லை. ஆனாலும் அத்தனை பேருக்கு நடுவிலும் முள்ளம்பன்றிக்குத் தனியாக இருப்பதாகவே தோன்றியது. அந்த மூன்று கோடுகளைப் பற்றி யாரிடம் சொல்வது?

சில நாளில் மான் ஓடி வந்தது. "பாறையைப் பாத்துட்டுத்தான் என் குட்டிக்கு உன் பட்டையை வச்சேன். வாய் வீங்கிப்போச்சு. ரெண்டு நாளா பால் குடிக்கலை. பொழைக்குமா?"

முள்ளம்பன்றிக்கு வராத அந்த மூவரின் நினைவு வந்தது. மலையைத் தாண்டி ஓடியது. குகையில் கரடி வீங்கிய முகத்தோடு சுருண்டு கிடந்தது.

"என் பல்லுல சீழ் வச்சிருந்தது. உன் பட்டையை வச்சதும் வீங்கிடுச்சு. நடக்க முடியலை. நீ பாக்க வருவேன்னு தினமும் வழியைப் பாத்துட்டிருந்தேன்" என்றது கரடி.

யாரும் தன்னைத் தேடி வருவதில்லை என்று முள்ளம்பன்றி காலமெல்லாம் வருந்தியிருந்தது. இங்கே ஒருவர் அதன் வரவுக்காகவே காத்துக் கிடந்திருக்கிறார். வெட்கத்தில் அதற்கு அழுகை வந்தது.

கீரிக்கும் மரநாய்க்கும் அதே கதைதான், சீழ் வைத்த பல்.

முள்ளம்பன்றி மானிடம் ஓடியது. "பட்டையை எடுத்துட்டு வாயைக் கழுவி விடு. சீழ் வச்ச பல்லுக்கு இது ஆகாது. நான் மூணு பேரைப் பாக்காமலே பாத்ததா கீறிட்டேன்."

பிறகு எல்லோரும் பார்க்க, பாறையில் அந்த மூன்று கோடுகளையும் அடித்துவிட்டுச் சாய்ந்த கோடுகளைக் கீறியது. சொன்ன பொய்யையும் கீழே எழுதியது.

"முதல்ல என் பேரை அழி. நான் ஒரு வேலையும் செய்யலைன்னு எல்லாருக்கும் தெரியும்" என்றது நரி.

மறுநாள் மான்குட்டி பால் குடித்தது. தாய் மான் மட்டும் முள்ளம்பன்றியின் முகத்தைப் பார்க்காமல் நடந்தது. வாசலில் ஒருவரும் இல்லை.

முள்ளம்பன்றி தினமும் மலையேறிக் கரடியின் பல்லைப் பார்த்து வந்தது. ஒருநாள் பார்த்து முடித்துக் கிளம்பியபோது கரடி சொன்னது:

"வீக்கம் இன்னும் கொஞ்சம் இருக்கு. அப்படியே எழுதிக்கோ. எழுதிட்டு, முள்ளை அந்தப் பக்கம் திருப்பிக்கிட்டு இங்க உக்காரு."

நீதி: பார்க்காததைப் பார்த்ததாக எழுதினால், நம்மை நம்பியவருக்கே அது வலியாக முடியும்.