மறுகரைக்கு ஒரு முக்காலி

“எந்த இழைப்புளி வாங்கினா மரம் வழவழன்னு வரும், அம்மணி?”

பரிசல்காரர் நஞ்சப்பன் தச்சுப்பட்டறை வாசலில் நின்று கேட்டார். தோளில் ஒரு சாக்கு. கக்கத்தில் ஒரு பூவரசம் பலகை. அவருக்குப் பின்னால் ஆறு தெரியவில்லை. பனி மூடியிருந்தது.

மயிலாத்தாள் உளி தீட்டுவதை நிறுத்தவில்லை. அவருக்கு மகள் வயது. ஆனால் இந்தக் கரையில் மரவேலை சொல்லித்தர அவள் ஒருத்திதான் இருந்தாள்.

“சாக்குல என்னங்ணா?”

அவர் கொட்டினார். எல்லாம் இழைப்புளிகள். மரத்தில் ஒன்று. இரும்பில் ஒன்று. பித்தளைக் குமிழ் வைத்தது ஒன்று.

“கடை வெக்கப் போறீங்களா?”

“சிரிக்காத அம்மணி. ஒண்ணுகூட ஒழுங்கா இழைக்க மாட்டேங்குது. மரத்தைப் பிச்சுப் பிச்சுப் போடுது. இதுல உக்காந்தா சேலை மாட்டும், சிலாம்பு ஏறும்.”

யார் உட்காரப் போகிறார்கள் என்று அவள் கேட்கவில்லை. கரையில் எல்லோருக்கும் தெரியும்.

நஞ்சப்பனின் மனைவி பொன்னாத்தாளுக்கு முட்டி மடங்காமல் போய்விட்டது. பரிசலில் சம்மணமிட்டுத்தான் உட்கார வேண்டும். அவளால் முடியாது. நின்றுகொண்டு யாரும் பரிசலில் போக முடியாது.

மறுகரையில் அவளுடைய அக்கா இருந்தாள். விடிந்ததும் பனிக்குள்ளிருந்து அக்காவின் குரல் வரும்.

“பொன்னூ…”

இவள் இந்தக் கரையில் நின்று குரல் கொடுப்பாள்.

“அக்கோவ்…”

இரண்டு குரலும் நடு ஆற்றில் சந்தித்துக்கொள்ளும். அவ்வளவுதான் அவர்கள் பார்த்துக்கொள்வது.

இப்போது அக்கா படுத்துவிட்டாள். கட்டிலோடு கரைக்குத் தூக்கிவரச் சொல்லிக் கூப்பிடுகிறாளாம். குரல் நாளுக்கு நாள் தேய்ந்துகொண்டே வந்தது.

அவள் பரிசலில் உட்கார அவர் செய்யும் முக்காலியின் கால்கள் எப்போதோ முடிந்து பட்டறையிலேயே கிடந்தன. பலகைதான் பாக்கி.

மயிலாத்தாள் அவருடைய முதல் இழைப்புளியை எடுத்தாள். தகட்டின் விளிம்பில் கட்டைவிரலை வைத்துப் பார்த்தாள்.

“நல்லாத்தானே தீட்டியிருக்கீங்க.”

“அப்புறம் ஏன் பிய்க்குது?”

அவள் பலகையைத் தலைமாடு கால்மாடாகத் திருப்பி வைத்தாள். இழைப்புளியை அவர் கையில் கொடுத்தாள்.

அவர் தள்ளினார்.

பரிசல் தண்ணீரில் இறங்குகிற மாதிரி ஒரு சத்தம். சுருள் ஒன்று எழுந்து, வளைந்து, மெதுவாகத் தரையில் விழுந்தது. எடுத்துப் பிடித்தால் அந்தப் பக்கம் வெளிச்சம் தெரிந்தது.

அவர் வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஆத்துல எதிர்த்தண்ணி எதுன்னு கண்ணை மூடிட்டுச் சொல்லுவனே. மரத்துல ரேகை ஓடுற திசை தெரியாமப் போச்சே.”

“ஆத்துல தண்ணி இழுத்தா நீங்க பரிசலையா மாத்துனீங்க?”

அவர் சிரித்துவிட்டார். மறுபடி தள்ளினார். மறுபடியும்.

சுருள்கள் கணுக்கால்வரை ஏறின. பூவரசின் வாசம் பட்டறையை நிறைத்தது. பலகையில் பாதி, காற்றில்லாத நேரத்து ஆறு போல ஆகிவிட்டது. அவர் எங்கே நிற்கிறார் என்பதே அவருக்கு மறந்துபோனது.

“இந்தப் பாதி கண்ணாடி ஆயிருச்சு பாரு அம்மணி! அந்தப் பாதிக்குப் பித்தளைக் குமிழ் வெச்சதை எடுத்துக்கட்டா? இல்லை, இதைவிடச் சன்னமா இழைக்கிற மாதிரி வேற எதாச்சும்…”

“அண்ணா.”

“சொல்லு.”

“இன்னிக்கு அக்கரையில இருந்து அவங்க கூப்பிட்டாங்களா?”

அவர் கை நின்றது.

யோசித்துப் பார்த்தார். காதுக்குள் இழைப்புளியின் சத்தம் மட்டும் இருந்தது. வாசலுக்குப் போய் நின்று கேட்டார்.

தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. வேறொன்றும் இல்லை.

அவர் திரும்பி வந்தபோது மயிலாத்தாள் கால்களைப் பலகையில் இறக்கிக் கொட்டாப்புளியால் தட்டிக்கொண்டிருந்தாள். நஞ்சப்பன் தோளில் கிடந்த துண்டை எடுத்தார். மடித்து, இழைக்காத பாதியின் மேல் விரித்தார். முக்காலியைத் தூக்கிக்கொண்டு நடந்தார்.

இழைப்புளிகள் எல்லாம் தரையிலேயே கிடந்தன.

பொன்னாத்தாள் கரையில் நின்றுகொண்டிருந்தாள். அவர் பரிசலின் நடுவில் முக்காலியை வைத்தார். கை கொடுத்தார். அவள் காலை நீட்டியபடி மெல்ல உட்கார்ந்தாள். துண்டுக்கடியில் விரலை விட்டுத் தடவினாள்.

“இதென்ன, பாதியில விட்டுட்டு வந்திருக்கீங்க?”

அவர் துடுப்பை எடுத்தார்.

அப்போது பனிக்குள்ளிருந்து, இழைத்த சுருள் போல மெலிந்து, ஒரு குரல் வந்தது.

“பொன்னூ…”

பொன்னாத்தாள் வழக்கம்போல வாயைத் திறந்தாள். மூடிக்கொண்டாள்.

“தள்ளுங்க,” என்றாள்.